டிராகன் செடி கம்பத்தைப் பற்றி ஏற

டிராகன் பழச்செடி வழுவழுப்பான பைப்பில் ஏறாவிட்டால், பழைய தேங்காய் நார்க்கயிற்றை இடைவெளியின்றி அதில் சுற்றுங்கள். முப்பட்டைத் தண்டின் தட்டையான பக்கம் கயிற்றில் ஒட்டும்படி, பழந்துணியால் தளர்வாகக் கட்டுங்கள். கம்பி வேண்டவே வேண்டாம், தண்டை அறுத்துவிடும். மாலையில் கயிற்றின் மேல் நீர் தெளியுங்கள்.

இது மரத்தில் தொற்றி வளரும் கள்ளி. தண்டிலிருந்து வரும் வெள்ளைநிறக் காற்று வேர்களுக்குச் சொரசொரப்பும் ஈரமும் கிடைத்தால் கெட்டியாகப் பற்றிக்கொள்ளும். விலை கொடுத்துப் பாசிக் கம்பம் (செடி பற்றி ஏறப் பாசி சுற்றிய கம்பம்) வாங்கத் தேவையில்லை.

மழைக்காலத்தில் தெளிப்பதை நிறுத்திவிடுங்கள், தண்டு அழுகும். சொரசொரப்பான சிமெண்ட் தூணுக்குக் கயிறே வேண்டாம். இரவில் பூக்கும் கள்ளியான பிரம்மகமலத்துக்கு இந்த முறை அவ்வளவாக உதவாது. அதைத் தொங்குதொட்டியில் வைப்பதே நல்லது.