மீன்கள் ஒரே அளவில் வளர: குடும்பம் குடும்பமாகத் தெரிவு செய்யும் முறை

ஒரே வாரத்தில் பொரித்த குஞ்சுகளை ஒரே குளத்தில் விட்டு, ஆறு மாதம் கழித்து வலை இழுத்தால் 120 கிராமும் வரும், 400 கிராமும் வரும். சராசரி 250 கிராம் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் வாங்குபவர் கேட்கும் அளவுக்குள் பாதி மீன்கூடத் தேறாமல் போகும். சின்னது மறுபடி குளத்துக்குப் போகிறது. தரம் பிரிக்கும்போது செதில் உதிர்கிறது, சில செத்தும் போகின்றன. இந்த ஏற்றத்தாழ்வை அளக்க மாறுபாட்டுக் கெழு போதும்: எடையின் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். பண்ணை மீன்களில் இது 20 முதல் 40 விழுக்காடு வரை இருப்பது சாதாரணம்.

பெரிய மீனாகப் பொறுக்கித் தாய்மீனாக வைத்தால் இந்த வேறுபாடு குறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். குறையாது. அதனால் சராசரி உயரும், இடைவெளி அப்படியே நிற்கும். சீரான அளவு என்பது ஒரு மீனைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லக்கூடிய குணமே இல்லை. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த ஐம்பது அறுபது மீன்களை எடை போட்டால்தான் அந்தக் குடும்பம் ஒட்டி வளர்கிறதா, சிதறி வளர்கிறதா என்று தெரியும். ஆகவே இங்கே தெரிவு செய்யப்படுவது குடும்பம்.

குடும்பங்களுக்கிடையே இந்த மரபு வேறுபாடு இருக்கிறது. 1988இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய கிஃப்ட் என்ற மரபுவழி மேம்படுத்திய திலேப்பியாவின் வழித்தோன்றல்களிலும், ரெயின்போ டிரவுட்டிலும், அட்லாண்டிக் சால்மனிலும் செய்த ஆய்வுகளில் அது தெரிந்தது. தனி மீனை வைத்து ஊகிக்கக்கூடிய மரபுப் பங்கு மிகச் சிறியது, பெரும்பாலும் 0.05க்கும் கீழே, அதாவது வேறுபாட்டில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் குடும்பங்களை நிறைய மீன்களோடு ஒப்பிட்டால் தெரிவு செய்யப் போதுமான வேறுபாடு கிடைக்கிறது.

முதலில் வளர்ப்புக் குறைகளைக் களையுங்கள்

அளவு வேறுபாட்டில் பெரும்பங்கு மரபிலிருந்து வருவதில்லை. குஞ்சுகளின் வயது வித்தியாசம், முட்டையின் அளவு, ஆண் பெண் வேறுபாடு, தீவனத்துக்கான போட்டி ஆகியவற்றிலிருந்து வருகிறது. இவற்றைச் சரிசெய்யாமல் தெரிவு செய்தால், நன்றாகப் பராமரித்த ஹாப்பாவைத்தான் (குளத்துக்குள் கட்டும் வலைத் தொட்டி) நல்ல குடும்பம் என்று தேர்ந்தெடுப்பீர்கள்.

தீவனத்தை ஒரே மூலையில் போட்டால் வலுத்த மீன் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பரவலாக, பல இடங்களில் தூவ வேண்டும். குருணையின் அளவு அந்தக் கூட்டத்தின் மிகச் சிறிய மீனுடைய வாய்த் திறப்பில் பாதிக்குள் இருக்கட்டும். இந்த இரண்டையும் செய்தாலே சில பண்ணைகளில் வேறுபாடு கண்கூடாகக் குறையும். அதற்குப் பிறகும் மிஞ்சுவதைத்தான் இனப்பெருக்கத்தால் குறைக்க வேண்டும்.

குடும்பங்களை உருவாக்குதல்

கீழே உள்ள கணக்குகள் திலேப்பியாவை வைத்துச் சொன்னவை. கெண்டைக்கும் மற்றவற்றுக்கும் அடிப்படை இதுவேதான், கால அளவும் முட்டை எடுக்கும் முறையும் மாறும்.

30 ஆண், 60 பெண் என்று தொடங்கலாம். ஒரு ஆணுக்கு இரண்டு பெண், ஆனால் தனித்தனியாக: முதல் பெண் முட்டையிட்டதும் அவளை எடுத்துவிட்டு இரண்டாமவளை விடுங்கள். ஒரே தகப்பனுக்கு இரு தாய்வழிக் குடும்பங்கள் இருந்தால்தான் தாயின் முட்டை அளவும் ஹாப்பாவின் நிலையும் எவ்வளவு, மரபு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியும். பெண்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வயது, ஒரே எடையில் இருக்கட்டும். பெரிய தாயின் முட்டை பொதுவாகப் பெரியது. அதன் குஞ்சு முதல் நாளிலேயே முன்னே நிற்கும்.

1 மீட்டர் நீள, அகல, ஆழமுள்ள ஹாப்பா ஒரு ஜோடிக்குப் போதும். ஆண் பெண்ணைக் கடித்துக் கொல்வது உண்டு. அதைத் தவிர்க்க, விடும் முன் மயக்க மருந்து கொடுத்து ஆணின் மேலுதட்டை வெட்டிவிடுவது வழக்கம். பெண் திலேப்பியா முட்டையை வாயில் வைத்து அடைகாக்கும்; வாரம் ஒருமுறை அதன் வாயில் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ஜோடியும் ஒரே நேரத்தில் முட்டையிடாது. தேவையைவிட ஒன்றரை மடங்கு ஜோடிகளை வைத்து, மூன்று நான்கு வாரங்களுக்குள் கிடைத்த குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது. பொரித்த தேதியைத் தவறாமல் எழுதுங்கள். பின்னால் எடையை வயதுக்கேற்பத் திருத்த அது வேண்டும்.

ஒவ்வொரு குடும்பத்திலும் 200 குஞ்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு அள்ளியது போல எடுத்து, ஒரே அடர்த்தியில் வளருங்கள். எண்ணிக்கை ஒரு ஹாப்பாவில் 200ஆகவும் இன்னொன்றில் 90ஆகவும் இருந்தால் ஒப்பிடவே முடியாது. இந்தக் கூட்டத்துக்கு ஆண்பால் மாற்றும் ஹார்மோன் தீவனம் கொடுக்கக் கூடாது. தரம் பிரிக்கவும் கூடாது. விற்பனைக் குளத்தில் தரம் பிரிப்பது சரியான வேலை. சோதனைக் கூட்டத்தில் அது நீங்கள் அளக்க வந்த வேறுபாட்டையே அழித்துவிடும்.

அடையாளமிடல், வளர்த்தல், எடை

குஞ்சு 10–15 கிராம் ஆனதும் குடும்பத்துக்கு 60 மீன்களுக்கு 12 மில்லிமீட்டர் பிட் டேக்கை (ஒவ்வொரு மீனுக்கும் தனி எண் தரும், கருவியால் படிக்கக்கூடிய சிறு மின்னணுச் சில்லு) வயிற்றறையில் ஊசியால் செலுத்தி, எல்லாக் குடும்பங்களையும் ஒரே குளத்தில் கலந்து விடுங்கள். சதுர மீட்டருக்கு 2–3 மீன். கலந்து வளர்ப்பதால் எல்லாக் குடும்பமும் ஒரே தண்ணீர், ஒரே போட்டியைச் சந்திக்கிறது. டேக் வாங்க வசதியில்லையென்றால் ஒவ்வொரு குடும்பத்தையும் இரண்டு தனி ஹாப்பாக்களில் வளர்த்து, இரண்டிலும் ஒரே போக்கு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஒற்றை ஹாப்பாவை நம்பிக் குடும்பத்தைத் தீர்மானிக்காதீர்கள்.

ஏன் 60 மீன்? திட்ட விலக்கத்தின் பிழை, மீன் எண்ணிக்கையைப் பொறுத்தது. 20 மீனை எடை போட்டால் பிழை சுமார் 16 விழுக்காடு. 50 என்றால் 10. 100 என்றால் 7. இருபது மீனை வைத்து முடிவெடுப்பவர் பெரும்பாலும் தற்செயலைத்தான் தெரிவு செய்கிறார்.

அறுவடைக்கு 24 மணி நேரம் முன்பே தீவனத்தை நிறுத்துங்கள். நிறைந்த வயிறு எடையைக் கெடுக்கும். கிராம்பு எண்ணெயை ஒன்றுக்கு ஒன்பது பங்கு எத்தனாலில் கரைத்து, லிட்டருக்கு 50 மில்லிகிராம் எண்ணெய் சேரும்படி கலந்து மயக்கினால் மீன் துள்ளாது. முதலில் இரண்டு மூன்று மீனில் சோதித்துப் பாருங்கள். டேக் எண், எடை, பால் (ஆணா பெண்ணா) மூன்றையும் குறிக்க வேண்டும். திலேப்பியாவில் ஆண் வேகமாக வளர்வதால், இரு பாலையும் சேர்த்துக் கணக்கிட்டால் பால் வேறுபாடே சிதறலாகத் தெரியும். கணக்கு ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. அப்போது ஒவ்வொன்றிலும் எண்ணிக்கை பாதியாகிவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கணக்கில் வழுக்கும் இடம்

மூன்று குடும்பங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதின் சராசரி 250 கிராம், திட்ட விலக்கம் 75. இரண்டாவது 240, விலக்கம் 48. மூன்றாவது 150, விலக்கம் 36. கிராமில் பார்த்தால் மூன்றாவதுதான் மிகச் சீரானது போலத் தோன்றும். ஆனால் மாறுபாட்டுக் கெழு முறையே 30, 20, 24. இரண்டாவதே உண்மையில் சீரானது. எடை கூடக்கூட விலக்கமும் தானாகக் கூடும் என்பதால், கிராமில் விலக்கத்தைப் பார்த்துத் தெரிவு செய்பவர் சில தலைமுறைகளில் வளராத மீனை உருவாக்கிவிடுவார். கெழுவைப் பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது, ஒவ்வொரு எடைக்கும் மடக்கை எடுத்து, அந்த மதிப்புகளின் திட்ட விலக்கத்தை ஒப்பிடுவது.

இன்னொரு பொறி, பிழைப்பு விகிதம். நோஞ்சான்கள் செத்துப்போன குடும்பம் அழகாகச் சீராகத் தெரியும். விட்டதில் எத்தனை திரும்பி வந்தது என்று பார்த்து, மற்றவற்றைவிட மிகவும் பின்தங்கிய குடும்பத்தை எடை எப்படியிருந்தாலும் ஒதுக்குங்கள்.

தெரிவின் வரிசை இது: 60 குடும்பங்களில் சராசரி எடையில் கடைசி 20ஐ நீக்குங்கள். மிச்சத்தில் பிழைப்பு குறைந்தவற்றை நீக்குங்கள். இருப்பவற்றைச் சிதறல் குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தி முதல் 15ஐ எடுங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் 2 ஆண், 4 பெண். குடும்பத்துக்குள் எடுக்கும்போது அதன் சராசரிக்கு மேலே, ஒன்றரைத் திட்ட விலக்கத்துக்குள் உள்ள மீன்களையே எடுப்போம். உச்சியில் தனித்து நிற்கும் ஒன்றிரண்டு ராட்சச மீன்கள் மற்றவற்றை விரட்டித் தின்று பெருத்தவையாக இருக்கலாம். அந்த மூர்க்கம் வாரிசுக்கும் போனால் நாம் தேடும் சீர்மை கெடும்.

இரத்த உறவு

நெருங்கிய உறவில் கலந்தால் மீன்கள் ஒன்றுபோல ஆகும் என்பது தவறான எண்ணம். உறவுக் கலப்பு வளர்ச்சியையும் பிழைப்பையும் முட்டை எண்ணிக்கையையும் குறைக்கிறது. ஆண் பெண் எண்ணிக்கைகளைப் பெருக்கி, அதை 4ஆல் பெருக்கி, மொத்தத் தலையால் வகுத்தால் செயல்படும் இன எண்ணிக்கை கிடைக்கும். 30 ஆண், 60 பெண் என்றால் அது 80. 1ஐ இதன் இரு மடங்கால் வகுத்தால் தலைமுறைக்குக் கூடும் உறவுக் கலப்பு தெரியும்: இங்கே சுமார் 0.6 விழுக்காடு. அதே 60 பெண்ணுக்கு 5 ஆண் மட்டும் வைத்தால் 18தான், உறவுக் கலப்பு 2.7 விழுக்காடு. தலைமுறைக்கு 1 விழுக்காட்டைத் தாண்டவிடாதீர்கள். இது உறவில்லாத மீன்களுக்கான கணக்கு; உடன்பிறந்தவை கலந்திருப்பதால் உண்மை நிலை இன்னும் கொஞ்சம் மோசமாகவே இருக்கும். ஆகவே 15 குடும்பங்களுக்குக் கீழே போகக் கூடாது.

உடன்பிறப்புகள் சேராமலிருக்கச் சுழற்சி எளிய வழி: முதல் குடும்பத்து ஆண்கள் இரண்டாவதின் பெண்களுக்கு, இரண்டாவதின் ஆண்கள் மூன்றாவதுக்கு, பதினைந்தாவதின் ஆண்கள் முதலாவதுக்கு. ஒரே தகப்பனின் இரு குடும்பங்கள் அடுத்தடுத்து வராதபடி வரிசை எண் கொடுங்கள். அடுத்த தலைமுறையில் ஒரு படி தள்ளி மூன்றாவதுக்கு விடுங்கள்.

தொடக்கத்திலேயே, எடை பாராமல் குடும்பத்துக்கு ஒரு ஆணும் ஒரு பெண்ணுமாக எடுத்து ஒரு ஒப்பீட்டுக் கூட்டத்தைத் தனியே வைத்திருங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் அதன் குஞ்சுகளையும் தெரிவுக் கூட்டத்தின் குஞ்சுகளையும் டேக் போட்டு ஒரே குளத்தில் வளர்த்து, இரண்டின் கெழுவையும் ஒப்பிடுங்கள். நல்ல மழை ஆண்டில் எல்லாக் கெழுவும் குறையலாம், அது உங்கள் தெரிவின் பலன் இல்லை. ஒரு தலைமுறையில் தெரியும் வித்தியாசம் சிறியது, அளவீட்டுப் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். மூன்று நான்கு தலைமுறைத் தரவு சேர்ந்த பிறகே முறையை மாற்றுவதா என்று யோசியுங்கள். விற்கும் மீனிலிருந்து டேக்குகளைக் கட்டாயம் வெளியே எடுத்துவிடுங்கள்; கிருமி நீக்கினால் அவற்றையே மறுபடி பயன்படுத்தலாம்.