அடிபடும் பெண்ணுக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்கு உதவ நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் செய்வது, பெரியவர்களைக் கூட்டி உட்கார்ந்து பேசுவது. "இனிமே கை வைக்க மாட்டேன்" என்று அடித்தவன் ஒரு வெள்ளைத் தாளில் எழுதித் தருவான். எல்லோரும் காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அன்றிரவு அவள் அவனோடு தனியாக இருப்பாள், தன்னைப் பத்துப் பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டாள் என்ற கோபத்தோடு இருப்பவனோடு. அவள் பாதுகாப்புக்கு வழி செய்யாமல் இப்படிச் சமாதானம் பேசுவது ஆபத்து.

அடுத்தது, ஆஸ்பத்திரியில் பொய் சொல்வது. அரசு மருத்துவமனையில் காயத்தோடு போனால், விபத்துப் பதிவேட்டில் டாக்டர் எப்போது, எங்கே, எதனால் என்று கேட்டு எழுதுவார். கூடப் போன மாமியாரோ அக்காவோ முந்திக்கொண்டு "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்று சொல்லிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து வழக்கு வரும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். கணவர் கையால் அடித்ததாகச் சொன்னால் அப்படியே பதிவாகும். கூடப் போகிறவர் நீங்கள் என்றால், அவளைத் தனியாகப் பேசவிடுங்கள். நகலையும் கேட்டு வாங்குங்கள்.

"போலீசுக்குப் போனா அவனை உள்ளே தள்ளிடுவாங்க, அப்புறம் குடும்பம் என்ன ஆகும்?" என்று பயந்தே பல பேர் எங்கும் போவதில்லை. மகளிர் காவல் நிலையம் மட்டும்தான் வழி என்று நினைப்பதால் வரும் பயம் இது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்பு உத்தரவு, குடியிருப்பு, பணம், பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பு ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவதற்கானது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமாக மாஜிஸ்திரேட்டிடம் மனு போகும். மனைவி மட்டுமல்ல, தாய், சகோதரி, திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்களும் கேட்கலாம். கோர்ட் போட்ட பாதுகாப்பு உத்தரவை அவன் மீறினால்தான் இந்தச் சட்டப்படி ஓராண்டு வரை சிறை. தகவல் சொல்வது அவளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நல்லெண்ணத்தோடு சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர் மேல் வழக்கு வராது என்றும் சட்டம் சொல்கிறது.

"வீட்டை விட்டு வெளியே வந்துட்டா உரிமை போயிடும்" என்பதும் தவறு. வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அவள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் குடியிருக்கும் உரிமை கேட்கலாம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அம்மா வீட்டில் தங்கியிருந்தால் அந்த ஊர் கோர்ட்டிலேயே மனு போடலாம். வக்கீல் செலவுக்காகத் தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச உதவி உண்டு.

அதற்காக "இன்னைக்கே கிளம்பு" என்று அவசரப்படுத்தவும் கூடாது. பிரிந்து போகும் நேரம்தான் பலருக்கு மிக ஆபத்தான நேரம். எப்போது கிளம்புவது என்பதை அவள் முடிவு செய்யட்டும். அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல்களை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் போனை அவன் பார்ப்பான் என்றால் உங்கள் போனிலிருந்து பெண்கள் உதவி எண்ணான 181ஐ அழைத்துக் கொடுங்கள். அந்த எண் மூலமாக ஒருங்கிணைந்த சேவை மையத்தை அடையலாம். அங்கே சிகிச்சைக்கு உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை, சில நாள் தங்க இடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் உண்டு. உயிருக்கே ஆபத்து என்றால் 112. அவள் தங்கியிருக்கும் இடத்தைச் சொந்தக்காரர் யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், "பாவம், பிள்ளைகளைப் பார்க்கணும்னு அழறான்" என்று கேட்டாலும்.

பிள்ளைகள் படிப்புக் கெடும் என்றுதான் நிறையத் தாய்மார்கள் தங்கிவிடுகிறார்கள். டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காகப் புதிய அரசுப் பள்ளி 8ஆம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தலைமையாசிரியரைப் பார்க்க அவளோடு நீங்களும் போங்கள். அப்பா வந்து கூப்பிட்டால் அவளைக் கேட்காமல் அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து, கோர்ட் உத்தரவு இருந்தால் அதன் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.