நெயில் கன் ஆணி முழுசா இறக்கலையா? முதல்ல இத பாருங்க

ஆணி தலை பாதி வெளிய நிக்குதுன்னா உடனே கன் போச்சுன்னு முடிவு பண்ணிடாதீங்க, முதல்ல கம்ப்ரஸர் ரெகுலேட்டர்ல காத்து பிரஷர் எவ்ளோன்னு பாருங்க, 18 கேஜ் பிராட் நெயிலர்னா (மெல்லிசான ஆணி அடிக்கற கன்) பொதுவா 70ல இருந்து 100 பிஎஸ்ஐக்குள்ள வச்சா போதும். பிரஷர் சரியா இருந்தும் இறங்கலைன்னா ஹோஸ் ரொம்ப நீளமா ஒல்லியா இருக்கலாம், இல்ல உள்ள ஆணிய அடிச்சு இறக்குற டிரைவர் பிளேடு முனை தேஞ்சிருக்கும்.

காத்து லீக் ஆகுதுன்னா எங்கன்னு காத வச்சு கேளுங்க. டிரிகர் பக்கம்னா டிரிகர் வால்வு ஓ-ரிங் (காத்து கசியாம அடைக்கற ரப்பர் வளையம்), மேல எக்ஸாஸ்ட் வழியா வந்தா ஹெட் இல்லைனா பிஸ்டன் ஓ-ரிங். ரெண்டுமே கிட் வாங்கி நீங்களே மாத்திக்கலாம், பெரிய செலவு இல்ல.

ஆணி சிக்கிடுச்சா? ஹோஸ கழட்டிட்டு தான் கன்னோட மூக்க (ஆணி வெளிய வர்ற முனை) திறக்கணும், ப்ளீஸ், இதுல மட்டும் சோம்பேறித்தனம் வேணாம், உள்ள காத்து இருந்தா பிளேடு விரல்ல இறங்கிடும். அடிக்கடி சிக்குச்சுன்னா ஆணி சைஸ் கன்னுக்கு ஏத்ததான்னு பாருங்க.

தினமும் வேலை ஆரம்பிக்கறப்போ ஏர் இன்லெட்ல ரெண்டு மூணு சொட்டு நியூமேட்டிக் டூல் ஆயில் விடுங்க (ஆயில் ஃப்ரீ மாடல்னா வேணாம்), இன்ஜின் ஆயில் ஊத்தாதீங்க, அதுல இருக்க சேர்மானம் ஓ-ரிங்க கெடுத்துடும். வேலை முடிஞ்சதும் கம்ப்ரஸர் டேங்க்ல தேங்குற தண்ணிய வடிச்சிடுங்க.