கூடத்துப் பெரிய சுவருக்குக் குறைந்த செலவில் ஓவியம்: தேர்வதும் மாட்டுவதும்

கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் உள்ள சுவர் பத்தடி அகலம் இருந்தால், அதில் ஓரடிச் சதுரத்தில் மாட்டிய படம் தொலைந்துபோனது போலத் தெரியும். அந்தச் சுவர் நான்கைந்து அடி அகலமுள்ள ஒரே பொருளைக் கேட்கிறது. ஆனால் பெரிய ஓவியம் என்றதும் விலைக்கு அஞ்சிப் பலரும் சிறுசிறு படங்களை வாங்கிச் சுவரெங்கும் இறைத்துவிடுகிறார்கள். கூட்டிப் பார்த்தால் செலவு குறைவதுமில்லை, சுவர் நிறைவதுமில்லை.

பணம் எங்கே போகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். மூன்றுக்கு ஐந்தடி அளவுள்ள ஒரு காகிதப் படத்தைச் சட்டம் போடக் கொடுத்தால், பிரேம் கடையில் 16 ரன்னிங் அடிச் சட்டத்துக்கும் 15 சதுர அடிக் கண்ணாடிக்கும் கணக்குப் போடுவார்கள். 4 மி.மீ. கண்ணாடி என்றால் அது மட்டுமே ஏறத்தாழ 14 கிலோ எடை. அந்த எடையைத் தாங்கச் சட்டமும் தடிப்பாக வேண்டும், சுவரில் பிடிமானமும் பலமாக வேண்டும். பெரிய அளவில் பல நேரங்களில் படத்தைவிட அதன் சட்டமும் கண்ணாடியும்தான் விலையை ஏற்றுகின்றன. ஆகவே கண்ணாடியே தேவைப்படாத பொருளைத் தேடுவதுதான் செலவைக் குறைக்கும் நேர்வழி. துணி, கேன்வாஸ், வண்ணம் தீட்டிய பலகை ஆகிய மூன்றும் அந்த வகையைச் சேர்ந்தவை.

கடைக்குப் போகும் முன் அளவைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது நம்பத்தக்க கணக்கு. ஆறரை அடி சோபாவுக்கு நாலேகால் அடி, அதாவது சுமார் 52 அங்குல அகலம் பொருந்தும். நாளிதழ்த் தாள்களை ஒட்டி அதே அளவில் ஒரு செவ்வகம் செய்து, சுவரில் ஒட்டி இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். வாசலிலிருந்து நுழையும்போதும், எதிரே அமர்ந்து பார்க்கும்போதும், இரவு விளக்கு வெளிச்சத்திலும் அது எப்படித் தெரிகிறது என்று பார்த்த பிறகு வாங்கினால், அளவு தவறிப் பணம் வீணாகாது.

துணி வகையில் என்னுடைய முதல் பரிந்துரை பவானி ஜமுக்காளம். ஈரோடு மாவட்டத்தில் காவிரியும் பவானியும் கூடும் ஊரில் நெய்யப்படும் இந்தப் புவிசார் குறியீடு பெற்ற விரிப்பை நாம் கல்யாண மண்டபத்துத் தரையிலேயே பார்த்துப் பழகிவிட்டதால், அதன் அழகு நம் கண்ணில் படாமலே போய்விட்டது. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், கறுப்பு என்று அடர்ந்த பட்டைகள் முரட்டுப் பருத்தி நூலில் அடுத்தடுத்து ஓடும் அந்த நெசவைச் சுவரில் ஏற்றிப் பாருங்கள். எந்த நவீன ஓவியத்துக்கும் அது குறைந்ததில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஓரத்தில் செயற்கைப் பட்டு நூலால் பூ வேலைப்பாடு செய்த வகையும் உண்டு. கூடத்துக்கு வெறும் பட்டை போட்ட வகையே எடுப்பாக இருக்கும். விசைத்தறிப் போலிகளும் பவானியின் பெயரில் விற்கப்படுவதால், கைத்தறிக் கூட்டுறவுச் சங்கத்திலோ கோ-ஆப்டெக்ஸிலோ கேட்டு வாங்குவது நல்லது.

ஜமுக்காளத்தில் நேரடியாக ஆணி அடிக்கக் கூடாது. ஆணி இருக்கும் இடத்தில் நூல் இழுபட்டு, சில மாதங்களில் துணி அலை அலையாகத் தொங்கிவிடும். நான்கு அங்குல அகலமுள்ள கெட்டியான காடாத் துணியை, ஜமுக்காளத்தின் மேல் ஓரத்தில் பின்பக்கமாக, இடமிருந்து வலம் வரை ஓர் உறையாகக் கைத்தையல் போட்டு இணைக்க வேண்டும். ஊசி முன்பக்கத்துக்கு வராமல், பின்புற நூல்களை மட்டும் பிடித்துப் போக வேண்டும். உறையை இறுக்கிப் பிடித்துத் தைக்காமல் சற்றுத் தொய்வாக விட்டால், உள்ளே நுழைக்கும் கம்பியின் பருமன் சுவர்ப் பக்கமாகத் தள்ளப்பட்டு முன்பக்கம் மேடில்லாமல் இருக்கும். பிறகு திரைச்சீலைக் கம்பியை நுழைத்து இரண்டு பிராக்கெட்டுகளில் மாட்டலாம். கீழ் ஓரத்திலும் இதே போன்ற உறை தைத்து, மெல்லிய மர ரீப்பர் ஒன்றைச் செருகிவிட்டால் மின்விசிறிக் காற்றில் துணி ஆடாது.

பெட்டியில் உறங்கும் பழைய பட்டுச் சேலையின் முந்தானையும் இதற்கு ஏற்றதே. மடிப்புகளில் இற்றுப்போன சேலைகளில்கூட முந்தானை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்; சேலையின் அகலமே ஏறக்குறைய நான்கடி என்பதால் அளவுக்கும் குறைவில்லை. ரீப்பரில் சட்டம் அடித்து, அதன்மேல் வெள்ளைக் காடாத் துணியை இழுத்துக் கட்டி, அதற்கு மேல் முந்தானையைப் பரப்பிப் பின்பக்கம் ஸ்டேப்ளர் அடித்தால் போதும். நேர் வெயில் படும் சுவரில் மட்டும் வேண்டாம். பட்டின் நிறம் விரைவில் வெளுத்துவிடும்.

கலம்காரித் துணி வாங்குவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்ரீகாளஹஸ்தியிலும் நம் கருப்பூரிலும் எழுதுகோலால் கையால் வரைகிறார்கள். மசூலிப்பட்டினத்தில் மர அச்சால் பதிக்கிறார்கள். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் வரைந்த பெரிய துணி அதன் உழைப்புக்கேற்ற விலையில்தான் கிடைக்கும், அதில் பேரம் பேசுவது நியாயமில்லை. மீட்டர் கணக்கில் கிடைக்கும் மர அச்சுத் துணி நம் கணக்குக்குள் அடங்கும். ஒரே உருவம் மயிரிழையும் மாறாமல் திரும்பத் திரும்ப வந்து, நிறம் பின்பக்கம் ஊறாமல் மேலோடு நின்றால், அது இயந்திர அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம்.

படமே வேண்டும் என்பவர்களுக்கு அருங்காட்சியகங்களின் இணையக் களஞ்சியங்கள் பெரிய கொடை. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017-இல், தன்னிடமுள்ள காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களை எவரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. சிகாகோ கலைக் கழகமும் ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் அவ்வாறே தருகின்றன. நம் வீட்டுச் சுவருக்கு லின்னேயஸ் டிரைப்பின் ஒளிப்படங்களைச் சொல்வேன். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த அவர், 1858-இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். திருமலை நாயக்கர் மகாலும் மீனாட்சி கோயிலும் அன்றிருந்த தோற்றத்தில், மென்மையான பழுப்பு நிறத்தில் கிடைக்கின்றன. அவர் பெரும்பாலும் காகித நெகட்டிவைப் பயன்படுத்தியதால் படங்களில் இயல்பாகவே ஒரு மென்மை உண்டு. அதனால் பெரிதாக்கினாலும் கண்ணை உறுத்துவதில்லை. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டுகள் கடந்தால் ஓவியத்தின் காப்புரிமை முடிந்துவிடும் என்பதால், 1906-இல் மறைந்த ரவி வர்மாவின் ஓவியங்களும் பொதுவுடைமையே.

அச்சிடும்போது ஓர் அங்குலத்துக்கு 100 பிக்சல் இருந்தால், ஆறடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்குப் போதும். 48 அங்குல அகலத்துக்கு 4800 பிக்சல் அகலமுள்ள கோப்பு வேண்டும். பேனர் அடிக்கும் கடைகள் பலவற்றில் கேன்வாஸிலும் அச்சிட்டுத் தருகிறார்கள், கட்டணம் சதுர அடிக்கு. பளபளக்கும் பிளெக்ஸ் வேண்டாம், விளக்கொளி பட்டுத் தகதகக்கும். மேட் கேன்வாஸ் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். முழுப் படத்தையும் அடிப்பதற்கு முன், படத்தின் நுணுக்கமான ஒரு பகுதியை அசல் அளவில் ஓரடிச் சதுரம் மட்டும் அச்சிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் வைத்துப் பாருங்கள். கணினித் திரையில் பளிச்சென்று இருந்த நிழற்பகுதிகள் துணியில் கறுத்துப்போவது வழக்கம்; அப்படியானால் கோப்பைச் சற்று வெளிறச் செய்துவிட்டு அடிக்கலாம். சட்டத்தில் மடித்து அடிப்பதற்கு நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக விடச் சொல்ல மறக்க வேண்டாம்.

கையால் செய்ய விருப்பமுள்ளவர்களுக்குச் சிக்குக் கோலத்துக்கு இணையான ஒன்று எனக்குத் தெரியவில்லை. எட்டுக்கு நான்கடி பிளைவுட்டை, 6 மி.மீ. தடிப்பில் வாங்கி, கடையிலேயே நான்குக்கு நான்காக இரண்டாக அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகை சுமார் 6 கிலோதான் இருக்கும். பின்பக்கம் ரீப்பர் அடித்து, இரு பக்கமும் பிரைமர் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளைந்துவிடும். முன்பக்கம் காவி நிற எமல்ஷன் இரண்டு கோட் கொடுத்துக் காய்ந்ததும், சுண்ணப்பொடி தடவிய நூலை அடித்து மூன்று அங்குல இடைவெளியில் 15-க்கு 15 நேர்ப்புள்ளி வையுங்கள். 42 அங்குலத்தில் புள்ளிகள் முடிந்து, சுற்றிலும் மூன்று அங்குலம் மிஞ்சும். கம்பிக் கோட்டை முதலில் சாக்பீஸால் போட்டு, திருத்தம் இருந்தால் அழித்துச் சரிசெய்து, பிறகு அரை அங்குலப் பிரஷ்ஷால் வெள்ளை எமல்ஷனில் இழுக்கலாம். கோலத்தில் கை தேர்ந்த அம்மாவோ பாட்டியோ வீட்டில் இருந்தால் அவர்களையே வரையச் சொல்லுங்கள்; வாசலில் அன்றாடம் அழிந்துபோகும் ஒரு கலை, அவர்கள் கைவண்ணத்திலேயே வீட்டுக்குள் நிலைத்திருக்கும்.

அசல் ஓவியம் வேண்டுமென்றால், சென்னை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் உள்ள அரசு கவின்கலைக் கல்லூரிகளின் மாணவர் கண்காட்சிகளுக்குச் செல்லலாம். பெயர் பெற்ற ஓவியர்களின் விலை அங்கே இருக்காது, பெரிய கேன்வாஸ்களும் கண்ணில் படும்.

எதை மாட்டினாலும், குளியலறையை ஒட்டிய சுவரையும் மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரையும் தவிர்க்க வேண்டும். வேறு சுவர் இல்லையென்றால் சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்பக்கம் ரப்பர் பொட்டு ஒட்டிக் காற்றுப் போக இடம் விட வேண்டும். சோபாவின் முதுகுக்கு மேல் ஆறு முதல் எட்டு அங்குலம் விட்டு ஓவியம் தொடங்கினால் போதும். அதற்கு மேலே ஏற்றினால் ஓவியம் தனியே, சோபா தனியே என்று பிரிந்து நிற்கும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளை போடக் கூடாது, மின்கம்பிக் குழாய் பெரும்பாலும் அந்த வழியில்தான் போகும். துளைக்கு ஏற்ற பிளக் செருகி, ஒன்றுக்கு இரண்டு ஸ்க்ரூவாகப் போட்டு மாட்டுங்கள். ஒற்றை ஆணியில் தொங்கும் பெரிய படம் கதவு அடிபடும்போதெல்லாம் சாய்ந்துகொண்டே இருக்கும். வாடகை வீட்டில் துளை போட உரிமையாளர் சம்மதிக்கவில்லையென்றால், உயரம் குறைந்த பெஞ்சின் மீது பலகையையோ கேன்வாஸையோ சுவரில் சாய்த்து வைத்து, அடியில் வழுக்காமலிருக்க ரப்பர் துண்டு கொடுத்துவிடலாம்.