சிஆர்பி டெஸ்ட்டுக்கு ஓடும் முன்னால்: மனநோய், அழற்சி, சின்ன வயது மனக்காயம்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருநாள் பெரியம்மா ஒரு செய்தியைத் தட்டிவிட்டார். மனச்சிதைவுக்கு (ஸ்கிசோஃப்ரினியா) காரணம் உடம்பில் இருக்கும் அழற்சிதானாம், ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுமாம். என் தம்பிக்கு மனச்சிதைவு என்று சொல்லி 11 வருஷம் ஆகிறது. விடுவேனா? மறுநாள் காலையிலேயே அவனை லேபுக்கு இழுத்துக்கொண்டு போய் சிஆர்பி எடுத்தேன், ரத்தத்தில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் டெஸ்ட் அது. 14 என்று வந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. டாக்டரிடம் காட்டினால், "போன வாரம் தம்பிக்கு ஜுரம் இருந்துச்சாம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இருந்தது. ஜுரம் வந்தாலே அந்த எண் ஏறுமாம், விஷயம் அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் செய்தி முழுப் பொய் என்றும் தள்ள முடியாது. அதில் உள்ள உண்மையை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற நாம் என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று நான் மெதுவாகக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். அடிபட்ட இடம் சிவந்து வீங்குவது அழற்சி, அது நல்லதுக்குத்தான். அதே வேலை ரத்தத்துக்குள், வெளியே தெரியாமல், அடுப்பைச் சிம்மில் வைத்த மாதிரி வருஷக்கணக்கில் நடந்தால்தான் தொல்லை. பயம் வந்தால் உடம்பில் கார்ட்டிசால் சுரக்கும், சாதாரணமாக அழற்சியை அடக்குவதே அதுதான். ஆனால் ஒரு பிள்ளை தினமும் சாயங்காலம் அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டாலே நடுங்கி வளர்ந்தால், ஓயாமல் சுரக்கும் அந்த கார்ட்டிசாலின் பேச்சு நோய் எதிர்ப்பு அணுக்களின் காதில் ஏறாமல் போய்விடுகிறது, நாள் முழுக்கக் கத்துகிற ஆளை வீட்டில் யாரும் சட்டை செய்யாத மாதிரி. அடக்க ஆள் இல்லாத அழற்சி தங்கிவிடுகிறது. மூளைக்குள் மைக்ரோகிளியா என்று காவல்கார அணுக்கள் இருக்கின்றன. வளரும் வயதில் நரம்பு இணைப்புகளைக் கத்தரித்து ஒழுங்குபடுத்துவதிலும் அவற்றுக்குப் பங்கு உண்டு. இந்தச் சூட்டில் அந்தக் கத்தரிப்பு தாறுமாறாகிறதோ என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. நியூசிலாந்தின் டனிடின் நகரத்தில் 1972-73-ல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சின்ன வயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 32 வயதில் எடுத்த ரத்தத்திலும் அழற்சி கூடுதலாக இருந்ததை 2007-ல் எழுதினார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 9 வயதில் ஐஎல்-6 என்ற அழற்சிப் புரதம் கூடுதலாக இருந்த பிள்ளைகளுக்கு, 18 வயதில் மனச்சோர்வும் சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக நம்புவது) அறிகுறிகளும் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது, இது 2014-ல் வந்தது. ஆனால் ஒன்று. வாய்ப்பு அதிகம் என்பதை விதி என்று படிக்காதீர்கள். கொடுமையை அனுபவித்த பெரும்பாலானோருக்கு மனச்சிதைவு வருவதில்லை. நல்ல வீட்டில் செல்லமாக வளர்ந்தவர்களுக்கும் வருகிறது. பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு.

இதைச் சொல்லக் காரணம், இந்த மாதிரிச் செய்தியைப் படித்தவுடன் வீட்டில் முதலில் நடப்பது பழி போடுவதுதான். 1948 வாக்கில் மனச்சிதைவுக்குத் தாயின் குணமே காரணம் என்று மருத்துவர்களே எழுதினார்கள், அதற்கு ஒரு பெயர்கூட வைத்தார்கள், எத்தனையோ அம்மாக்கள் அதைச் சுமந்துகொண்டு செத்துப்போனார்கள். அந்தக் குப்பையை "அழற்சி" என்ற புதுப் பையில் போட்டு மறுபடி வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். எனக்கு உண்மையில் உதவியது ஒரே ஒரு தாள்.

பெரிய ஆஸ்பத்திரிகளில் ஓபியில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிஷம். "தூக்கம் எப்படி, மாத்திரை போடுறாரா" என்பதோடு சீட்டு கைக்கு வந்துவிடும். சின்ன வயதைப் பற்றி 11 வருஷத்தில் எங்களை யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதனால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து இடது பக்கம் வயதை எழுதுங்கள். வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்குக் கடுமையான காய்ச்சல் வந்ததா, குறைப்பிரசவமா, குழந்தையில் வலிப்பு, தலையில் அடி, பெரிய தொற்று ஏதாவது உண்டா என்று ஆரம்பியுங்கள். அப்புறம் வீட்டில் குடி, அடிதடி, பிரிவு, யாராவது இறந்தது, விடுதி, பள்ளியில் தொடர்ந்து கேலி, தொடக்கூடாத விதத்தில் யாராவது தொட்டது. அதற்கும் கீழே, படிப்பில் எப்போது சறுக்கினான், எப்போது ஆட்களிடமிருந்து ஒதுங்கினான், முதல்முறை குரல் கேட்டது எந்த வயதில் என்று எழுதுங்கள். நிகழ்ச்சியை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள், உங்கள் விளக்கம் வேண்டாம். "அதனால்தான் இப்படி ஆகிட்டான்" என்று எழுதவே எழுதாதீர்கள்.

அடுத்தது கஷ்டமான இடம். அந்தத் தாளை நோய் உள்ளவரிடமே காட்ட வேண்டும், ஆனால் நோய் உச்சத்தில் இருக்கும்போது இல்லை, தூக்கமும் சாப்பாடும் ஓரளவு சீரான பிறகு. போலீஸ் மாதிரிக் குடையாதீர்கள். "நான் இப்படி எழுதியிருக்கேன், தப்பா இருந்தா அடிச்சிடு, காட்ட வேணாம்னா கிழிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போங்கள். என் தம்பி ரெண்டு நாள் அதைத் தொடவே இல்லை. மூணாம் நாள், "விடுதிக்குப் போனதுக்கு அப்புறம் இல்லக்கா, அதுக்கு முன்னாடியே" என்று ஒரு வரியை அடித்துவிட்டுக் கொடுத்தான். எனக்குத் தெரியவே தெரியாத விஷயம் அது. குரல் கேட்கிறவர் சொல்வதெல்லாம் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைக்கு எதிர்வீட்டுக்காரர் விஷம் வைக்கிறார் என்று சொல்கிறவருக்கு, ஒன்பது வயதில் நடந்தது சரியாகவே நினைவிருக்கலாம்.

அந்தத் தாளைக் கொடுத்துவிட்டு டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி, "பழைய மனக்காயத்துக்குத் தனியாகச் சிகிச்சை தரலாமா?" என்பது. அதைக் கிளறினால் சைக்கோசிஸ் கூடிவிடும் என்று பல இடங்களில் தயங்குவார்கள். 2015-ல் நெதர்லாந்தில் சைக்கோசிஸ் உள்ளவர்களுக்கே அந்தச் சிகிச்சையைப் பழகிய ஆட்களை வைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், காய நினைவுகளின் தொல்லை குறைந்தது, நோய் கூடவில்லை. பழகிய ஆள் என்பதுதான் முக்கியம். அக்கம்பக்கத்து ஹிப்னாடிசக்காரரிடம் போகாதீர்கள்.

இப்போது டெஸ்ட். சிஆர்பி கூடுதலாக இருந்தால் மனநோய் என்றும் அர்த்தமில்லை, குறைவாக இருந்தால் இல்லை என்றும் அர்த்தமில்லை. டாக்டர் கேட்டால் மட்டும் எடுங்கள். எடுத்தால் யூனிட்டைப் பாருங்கள், சில லேபில் லிட்டருக்கு, சிலதில் டெசிலிட்டருக்கு என்று போடுவார்கள், இரண்டுக்கும் பத்து மடங்கு வித்தியாசம். இதய நோய்க் கணக்கில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் கூடுதல். 10-க்கு மேல் போனால் பெரும்பாலும் சளி, காய்ச்சல், பல் வீக்கம் மாதிரி ஏதோ ஒன்று, ரெண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அதைவிடப் பயனுள்ளவை எடை, இடுப்பளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு. ஒலன்சாபின் மாதிரி மனச்சிதைவு மாத்திரை ஆரம்பிக்கும் முன் ஒருமுறை, மூணு மாசம் கழித்து ஒருமுறை, அப்புறம் வருஷா வருஷம் இவற்றைப் பார்க்க வேண்டும். இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து, இருபது வருஷம் முன்னதாக இறக்கிறார்கள், அதில் இதய நோய்க்குப் பெரிய பங்கு.

அழற்சியைக் குறைக்க மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். 2013-ல் அமெரிக்காவில், சாதாரண மருந்துக்கு அடங்காத மனச்சோர்வு உள்ள 60 பேரை வைத்து, மூட்டுவாதத்துக்குப் போடும் இன்ஃப்ளிக்சிமாப் ஊசியைச் சோதித்தார்கள். மொத்தத்தில் பலன் இல்லை, ஆரம்பத்திலேயே சிஆர்பி 5-க்கு மேல் இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. 2019-ல் இருமுனைக் கோளாறின் (மனம் ஒருசமயம் உச்சத்துக்கும் ஒருசமயம் சோர்வுக்கும் போகும் நோய்) சோர்வு நிலையில் அதே ஊசி, மொத்தத்தில் அதே கதைதான், ஆனால் சின்ன வயதில் அடி உதை வாங்கியவர்களுக்குப் பலன் தெரிந்தது. மனச்சிதைவில் மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் சோதனை 2018-ல் தோற்றது. ஆக, இன்றைக்கு உங்கள் சீட்டில் எழுதித் தரும் அளவுக்கு எதுவும் வரவில்லை. மஞ்சளைக் குழம்பில் போடுங்கள், ஆயிரக்கணக்கில் கொடுத்து மாத்திரையாக வாங்காதீர்கள்.

கையில் இருப்பதைச் செய்யலாம். பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், ஈறு வீங்கி ரத்தம் கசிகிற வாயே ஒரு நிரந்தர அழற்சிக் கிடங்கு, நம் வீடுகளில் மனநோய் உள்ளவர்களின் பல்லை யாரும் பார்ப்பதில்லை. தினமும் அரைமணி நடை, முடிந்தால் கூடவே நீங்களும். சிகரெட்டை நிறுத்த உதவுங்கள், ஆனால் நிறுத்தும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் நிறுத்தியதும் குளோசாபின், ஒலன்சாபின் என்ற மனச்சிதைவு மாத்திரைகள் இரண்டும் ரத்தத்தில் கூடிவிடும், டோஸைக் குறைக்க வேண்டி வரலாம்.

கடைசியாகச் சில ஆபத்துகள், இவற்றைத் தனித்தாளில் பெரிதாக எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுகிறவருக்கு மெடிக்கலில் கேட்டு இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள், லித்தியம் விஷ அளவுக்கு ஏறலாம். அழற்சிக்கு ஸ்டீராய்டு என்று யாராவது சொன்னால், ஸ்டீராய்டே சிலருக்கு மேனியாவையும் (மனம் கட்டுக்கடங்காமல் உச்சத்துக்குப் போவது) சைக்கோசிஸையும் கிளப்பும், மனநல மருத்துவருக்குத் தெரியாமல் வேண்டாம். குளோசாபினில் இருப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். தொற்றினால் மருந்தின் அளவும் ஏறும், வழக்கத்தைவிட அதிகமாகச் சொக்கிப்போனால் உடனே போன் பண்ணுங்கள். நன்றாக இருந்த ஒருவர் சில நாளில் திடீரென்று மாறி, கூடவே வலிப்பு, வாய் கோணிக்கொள்வது, பேச்சு நின்றுபோவது என்று வந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டச் சொல்லிப் பிடிவாதம் பிடியுங்கள். உடம்பின் எதிர்ப்புப் புரதங்கள் (ஆன்டிபாடி) மூளையையே தாக்கும் ஒரு வகை உண்டு, 2007-ல்தான் அதை இனம் கண்டார்கள், அதற்குச் சிகிச்சையே வேறு.

ராத்திரி நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனஸ் 14416, தமிழிலேயே பேசலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்து, அவர்களுக்கே இப்போது ஏதாவது நடந்துகொண்டிருந்தால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098.