ரோஜாவின் வரலாற்றை எழுதும்போது சறுக்கும் இடங்கள்

மலர்க் கண்காட்சிகளுக்குத் தகவல் பலகை எழுதித் தருகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் வரைவுகளைத் திருத்த உட்கார்ந்தால், தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகள் வரிசையாக வந்து நிற்கின்றன. எழுத்துப்பிழையை யாராவது பிடித்துவிடுவார்கள், அதை விடுங்கள்.

சிவப்பு ரோஜாவும் வெள்ளை ரோஜாவும் போரிட்டன என்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இங்கிலாந்தில் யார்க், லங்காஸ்டர் என்ற இரண்டு அரச குடும்பங்களுக்கு இடையே 1455இல் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு விட்டுவிட்டு நடந்த அரியணைச் சண்டைக்கு ‘ரோஜாப் போர்கள்’ என்று பெயர். பெயரைப் பார்த்ததும் யார்க் படை வெள்ளை ரோஜாக் கொடியோடும் லங்காஸ்டர் படை சிவப்பு ரோஜாக் கொடியோடும் களத்தில் நின்றதாக எழுதிவிடுகிறோம். நானும் எழுதினேன். ஆறடிப் பலகையாக அச்சாகி நுழைவாயிலில் நின்ற பிறகு, பார்க்க வந்த ஒரு வரலாற்று ஆசிரியை என்னைத் தனியாக அழைத்து விளக்கினார். அன்றிரவே கழற்றி மறுபடி அச்சடித்த செலவு முழுக்க என் கூலியில் கழிந்தது.

வெள்ளை ரோஜா யார்க் குடும்பத்தின் சின்னம்தான், ஆனால் பல சின்னங்களில் ஒன்று. வீரர்கள் தங்கள் பிரபுவின் அடையாளத்தை அணிந்தார்கள்: யார்க் குடும்பத்து அரசர் மூன்றாம் ரிச்சர்டின் ஆட்களுக்கு வெள்ளைக் காட்டுப்பன்றி, வாரிக் பிரபுவின் ஆட்களுக்குக் கரடியும் முண்டுத் தடியும். லங்காஸ்டர் தரப்பு அந்தப் போர்க்காலத்தில் சிவப்பு ரோஜாவைத் தூக்கிப் பிடித்ததற்குச் சான்று மிகக் குறைவு. அதை முன்னுக்குக் கொண்டுவந்தவர் லங்காஸ்டர் தரப்பில் நின்று அரசரான, டியூடர் குடும்பத்து ஏழாம் ஹென்றி. 1485இல் பாஸ்வொர்த் போர்க்களத்தில் வென்று, அடுத்த ஆண்டு யார்க் குடும்பத்து எலிசபெத்தை மணந்து, இரண்டு குடும்பமும் ஒன்றாகிவிட்டது என்று நாட்டுக்குக் காட்ட சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்து டியூடர் ரோஜாவை ஆக்கினார். வெள்ளையோடு சேர ஒரு சிவப்பு வேண்டியிருந்தது. அப்புறம், தோட்டத்தில் பிரபுக்கள் ஆளுக்கொரு ரோஜா பறித்துக் கட்சி பிரியும் காட்சி ஷேக்ஸ்பியரின் கற்பனை. போரின் பெயர் பரவலானதே 19ஆம் நூற்றாண்டில்தான். வென்றவர் ஒரு பூவை வைத்து, முடிந்துபோன சண்டைக்கே உருவம் கொடுத்த இந்தக் கதை, கொடிகள் மோதிய கதையைவிட எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ரோமாபுரிப் பலகையில் பூக்கடை ரோஜா

பண்டைய ரோமைப் பற்றிய பலகையில் பூக்கடை ரோஜாவின் படத்தைப் போட்டுவிடுகிறோம். ஆனால் நீண்ட காம்பும் கூரான மொட்டும் கொண்ட அந்த ரோஜா புதியது. அது ஹைப்ரிட் டீ என்ற கலப்பு வகை; அதில் முதலாவது என்று சொல்லப்படும் ‘லா பிரான்ஸ்’ வந்தது 1867இல். ஐரோப்பாவின் பழைய ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு பருவம்தான் பூத்தன. சீன ரோஜாக்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் போய்ச் சேர்ந்து, அவற்றோடு கலந்த பிறகுதான் ஆண்டில் பல மாதம் பூக்கும் வகைகள் பெருகின. அழகு சீக்கிரம் வாடும் என்பதற்குப் பழைய கவிஞர்கள் ரோஜாவை ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்பது இதைத் தெரிந்துகொண்டால் விளங்கும். நம் பன்னீர் ரோஜா போல இதழ் அடர்ந்த படத்தைப் போடுங்கள்.

அடோனிஸின் இரத்தம்

கிரேக்கப் புராணத்து அழகன் அடோனிஸ் இறந்தபோது சிந்திய இரத்தத்தில் எந்தப் பூ முளைத்தது? கிரேக்கக் கவிஞர் பியோனிடம் ரோஜா, ரோமக் கவிஞர் ஓவிடிடம் அனிமோன் என்ற வேறொரு பூ. யார் சொன்னது என்று எழுதுங்கள்.

மஞ்சள் என்றால் பொறாமை

ரோஜாவின் எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்பது பட்டியலுக்குப் பட்டியல் மாறும்.

ஓவியத்தைச் சான்றாக வைப்பது

ரோமப் பேரரசன் ஹெலியோகபாலஸ் விருந்தினரை ரோஜா இதழ்களில் மூழ்கடித்துக் கொன்றான் என்ற வரி, போன வாரம்கூட ஒரு வரைவில் வந்தது. பழைய லத்தீன் நூலில் இருப்பது வயலெட்டும் வேறு பூக்களும், அந்த நூலே நம்பகமானதல்ல. ரோஜாவாக மாற்றியவர் ஓவியர் அல்மா-டாடெமா, 1888இல். அதற்காகக் குளிர்காலத்தில் தெற்கு பிரான்சிலிருந்து ரோஜாக்களை வரவழைத்து, பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்.