கிளி கடிக்கிறதா? கையை இழுக்காமல் பழக்கும் முறை

இந்தக் குறிப்பு சன் கொன்யூர், காக்டெயில் (cockatiel) என்ற வெளிநாட்டுக் கிளிகளை வளர்ப்பவர்களுக்கு. லவ்பேர்டு, ஆப்பிரிக்கன் கிரே என்றாலும் படிகள் இவையேதான், நாட்கள்தான் கூடும். பச்சைக்கிளிக்கு இதை எழுதவில்லை. நம் நாட்டுக் கிளி எதையும் வீட்டில் அடைத்து வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சன் கொன்யூர், ஆப்பிரிக்கன் கிரே வைத்திருப்பவர்கள் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கூண்டும் தீனியும் சரியாக இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு நேரே கடிக்கு வருகிறேன்.

பழக்குவதற்கு முன்: எடை, தூக்கம்

நேற்றுவரை கையில் உட்கார்ந்த பறவை இன்று திடீரென்று கடித்தால் முதலில் உடம்பைப் பாருங்கள். 1 கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். காலையில் எச்சம் போட்ட பிறகு, தீனி வைக்கும் முன் எடை போட்டுக் குறித்து வையுங்கள். சன் கொன்யூர் 100 முதல் 120 கிராம், காக்டெயில் 80 முதல் 100 கிராம் என்பது பொதுவான கணக்கு. உங்கள் பறவையின் வழக்கமான எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சோடு சேர்ந்து வால் மேலும் கீழும் ஆடினாலும், பகலெல்லாம் உப்பிக்கொண்டு இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். நாய், பூனை மட்டும் பார்ப்பவரிடம் வேண்டாம். பறவை பார்த்துப் பழகியவராகத் தேடுங்கள்.

இறகு உதிரும் காலத்தில் தலையிலும் கழுத்திலும் புது இறகுகள் முள்முள்ளாக முளைக்கும். அந்த முளைக்குள் ரத்தம் ஓடுகிறது, அழுத்தினால் வலிக்கும். அப்போது தலையைத் தடவினால் கடி விழத்தான் செய்யும்.

அடுத்தது தூக்கம். கிளிக்கு 10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் தேவை. நம் அபார்ட்மென்ட்களில் கூண்டு ஹாலில் இருக்கும், இரவு பதினொன்று வரை டிவி ஓடும். ஏழரை மணிக்கெல்லாம் கூண்டை உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள். பெங்களூரு அல்சூரில் பூப்பல்லக்குத் திருவிழா இரவு, பிள்ளையார் ஊர்வலம், தீபாவளி, இவற்றுக்கு மறுநாள் பழக்கவே வேண்டாம். தூங்காத பறவை எதையும் கற்றுக்கொள்ளாது.

வெளிச்சம் நீண்டுகொண்டே போனால் இனப்பெருக்க வேகம் ஏறி, கூண்டுக்குள் கை நுழைந்தாலே பாயும். கூண்டில் தொங்கும் துணிக்குடிசை, அட்டைப்பெட்டி, சோபாவுக்கு அடியில் உள்ள சந்து எல்லாம் அதற்குக் கூடு மாதிரிதான். எடுத்துவிடுங்கள், அடைத்துவிடுங்கள். முதுகையும் இறக்கைக்கு அடியையும் தடவாதீர்கள். தலையும் கன்னமும் போதும்.

கடிக்கு மூன்று நொடி முன்னால்

கிளி சொல்லாமல் கடிப்பது அபூர்வம். சன் கொன்யூர் உடம்பைத் தாழ்த்தி, கழுத்தை முன்னால் நீட்டி, வாலை விசிறிபோல விரிக்கும்; கண்மணி சுருங்கிச் சுருங்கி விரியும். காக்டெயிலுக்குக் கொண்டையைப் பார்த்தாலே போதும்: லேசாக எழுந்திருந்தால் நிம்மதி, நெட்டுக்குத்தாக நின்றால் மிரட்சி, மண்டையோடு ஒட்டப் படிந்து சீறலும் வந்தால் கை அங்கேயே நிற்க வேண்டும். இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, ஒல்லியாகிப் பின்னால் சாய்ந்தால் அது பயம். பயத்துக்கும் கோபத்துக்கும் நாம் செய்ய வேண்டியது ஒன்றே: அரையடி பின்வாங்கி, அது தளரும்வரை காத்திருப்பது. முன்னெச்சரிக்கை வேலைக்கு ஆகிறது என்று தெரிந்தால் பறவை கடிவரை போகாது. கண்டுகொள்ளாமல் கையை நீட்டிக்கொண்டே இருந்தால், அடுத்த முறை எச்சரிக்கையை விட்டுவிட்டு நேரே கடிக்கப் பழகிவிடும்.

தேவையானவை

ஒரு முழ நீளக் குச்சி (கபாப் குச்சியின் கூர்முனையை வெட்டிவிட்டுத் தேய்த்துக்கொள்ளுங்கள்). அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் கொய்யா அல்லது வேப்பங்கிளை ஒன்று, நன்றாகக் கழுவியது. அரளிக் கிளை மட்டும் கூடவே கூடாது, விஷம். சன்மானமாகக் கொன்யூருக்குத் தோல் நீக்கிய சூரியகாந்தி விதையைப் பாதியாக்கி வையுங்கள். காக்டெயிலுக்குச் சின்னச் சின்னத் துண்டாக ஒடித்த தினைக்கதிர். இவற்றைத் தீனிக் கிண்ணத்திலிருந்து முழுவதும் எடுத்துவிட வேண்டும். கிண்ணத்தில் கிடைப்பதற்காகக் கிளி உழைக்காது.

கையுறை வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். உங்களுக்கு வலிக்காது, அவ்வளவுதான். கிளிக்கோ, கை என்றாலே பூதம் என்று ஆகிவிடும். செய்தது சரி என்று கிளிக்கு உணர்த்தச் சத்தம் போடும் கிளிக்கர் கருவியும் தேவையில்லை. நாக்கால் ‘டக்’ என்று ஒரு சத்தம் போதும், இரண்டு கையும் காலியாக இருக்கும். ‘சரி’ என்ற சொல்லை மட்டும் வைக்காதீர்கள், வீட்டில் நாள் முழுக்க அதைச் சொல்கிறோம்.

படிகள்

1. தினம் இரண்டு வேளை, தீனிக்கு முன், ஐந்து நிமிடம். சமையலறையில் வேண்டாம்: நான்ஸ்டிக் தவா காய்ந்து கிளம்பும் புகையே கிளியைக் கொன்றுவிடும்.

2. கூண்டுக்குப் பக்கத்தில், அது நிம்மதியாக இருக்கும் தூரத்தில் உட்காருங்கள். கிண்ணத்தில் ஒரு விதை போட்டுவிட்டு விலகுங்கள். நீங்கள் வந்ததும் அதுவே கிண்ணத்தருகே ஓடிவந்தால் அடுத்த படி.

3. கம்பிக்கு வெளியே குச்சியைக் காட்டுங்கள். நுனியை அலகால் தொட்ட அந்த நொடியில் ‘டக்’, உடனே விதை. இப்படி எட்டுப் பத்து முறை. பிறகு குச்சியை ஒரு சாண் நகர்த்தினால் அதுவும் நடந்துவரும். அலகை எங்கே வைப்பது என்று கிளிக்கு இப்போதுதான் புரிகிறது.

4. கொய்யாக் கிளையைக் காலுக்கு மேல், வயிறு தொடங்கும் இடத்துக்குக் கிடையாக வைத்து, குச்சியை அப்பால் காட்டுங்கள். ஒரு கால் வைத்தாலும் சன்மானம் உண்டு. நெஞ்சில் இடித்து ஏற்றாதீர்கள்.

5. கிளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாகப் பிடித்து, கடைசியில் அது விரலில் கால் வைக்கும்படி செய்யுங்கள். ஏறியதும் விதை, இறங்கியதும் விதை.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம்

ஐந்தாம் படியில் கிளி விரலில் ஏறும் முன் அலகால் பிடித்துப் பார்க்கும். அது கடி அல்ல. மரத்தில் கிளை தாங்குமா என்று பார்ப்பது போலத்தான். அலகு அதற்கு மூன்றாவது கால். இங்கே நாம் பயந்து கையை வெடுக்கென்று இழுக்கிறோம். கிளிக்கு அப்போது கிளையே ஒடிந்த மாதிரி. மறுமுறை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது, நாம் இன்னும் வேகமாக இழுக்கிறோம். நான்கே நாளில் அது நிஜக் கடியாகிவிடும். கூடவே ‘கடித்தால் கை போய்விடும்’ என்ற பாடமும் ஏறிவிடும்.

ஆகவே முழங்கையை விலாவோடு ஒட்டி, மணிக்கட்டை வளைக்காமல், சுவரில் அடித்த பலகை மாதிரி நில்லுங்கள். உண்மையாகவே கடித்தால் இழுக்காமல், கையை அலகின் பக்கமாகவே மெல்லத் தள்ளுங்கள், பிடி தளரும். ‘ஐயோ’ என்று கத்துவது சில கிளிகளுக்குக் கச்சேரி, மறுபடி கேட்கும். பேசாமல் பக்கத்துக் கிளையில் இறக்கி, பத்து நொடி முகம் திருப்பி, பிறகு குச்சியைத் தொடுவது போன்ற சுலபமான ஒன்றைக் கேளுங்கள். அலகில் சுண்டுவது, கையைக் குலுக்குவது, போர்வை போட்டு மூடுவது மூன்றும் பயத்தை வளர்க்கும், கடியையும் வளர்க்கும்.

பின்னர் சேர்த்தவை

ஒரே வீட்டில் பாட்டி ‘வா’ என்கிறார், வேலைக்கு வரும் அம்மா கன்னடத்தில் ‘பா’ என்கிறார், பிள்ளைகள் ‘கம்’ என்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரே சொல்லை முடிவு செய்து, கைச்சைகையும் ஒன்றாக வையுங்கள். ஒருவரை மட்டும் கடித்தால், சூரியகாந்தி விதை இரண்டு வாரம் அவர் கையிலிருந்து மட்டுமே வரட்டும்.

தோளில் உட்கார்ந்து காதைக் கடிப்பது பற்றியும் பலர் கேட்கிறார்கள். இரண்டு வாரம் கடியே இல்லாதவரை தோள் கிடையாது. அங்கே அதன் கண்ணையும் வாலையும் நாம் பார்க்க முடியாது, அதற்கோ நம் கண் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

கூண்டில் மெல்ல ஒன்றும் இல்லாத கிளி நகத்தையும் சட்டைப் பொத்தானையும் தேடும். தென்னை ஓலை, தேங்காய்ச் சிரட்டை, சாயமில்லாத ஐஸ் குச்சி, மக்காச்சோளக் கட்டை இவற்றை மாற்றி மாற்றித் தொங்கவிடுங்கள்.

ரத்தம் வந்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். ரேபிஸ் பாலூட்டிகளுக்கு வரும் நோய், கிளிக்கடியால் வராது. டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு நாளில் சிவந்து வீங்கினால் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள்.